அம்மா உங்க ரெண்டு பேருக்கும் சொன்னது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. கர்த்தர் கிருபையால நான் சுகமா இருக்கேன், அங்க நீயும் சுகமா இருக்கணும்னு தினம் காலைல ஜெபம் பண்ணிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். சுகம்னு மொட்டையா எழுதினா நீ நம்பமாட்டே, என் பொண்ணாச்சே, அதனால விவரமாவே சொல்றேன், முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுது, சர்க்கரை டாக்டர் முகம் சுளிக்காத அளவுல இருக்கு, சமையல் நானே பண்ணிக்கிறேன், சில நாள் உப்பு ரெண்டு தடவை விழுந்துடுது, சில நாள் விழுறதே இல்லை. அண்ணன் வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. அண்ணன்னு படிச்சதும் நீ கடிதத்தை மடிச்சு வைக்கப் பாப்பே, மடிக்காதே, அவனுக்காகத்தான் இதை எழுதுறேன்.

அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரில அவ கடைசியா என்ன சொன்னான்னு அத்தை கேட்டாங்க இல்லையா. அப்பா தனியா இருந்துக்குவார், நீ கவலைப்படாம உன் வேலைக்குப் போன்னு அம்மா சொன்னதா நீ சொன்னே. அப்பாவைத் தனியா விடாதேன்னு சொன்னதா அண்ணன் சொன்னான். நான் அந்த நேரம் பாத்து கடைக்குப் போயிருந்தேன், திரும்பி வந்தப்போ அவளுக்குப் பேச்சு நின்னுடுச்சு. எல்லார் முன்னாடியும் நீ அவனைப் பொய்யன்னு சொன்னே, தன் பிள்ளைகளுக்குக் காவலா அப்பாவை இழுத்துக்கப் பாக்குறான்னு சொன்னே. அவன் எழுந்து போய் நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பிச்சுட்டான். அன்னிலேருந்து நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லை, போன்ல அவன் பேரை எடுத்தாலே நீ சிக்னல் இல்லைங்கிறே. சிக்னல் எப்படி ஒரே பேருக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா.

ஆனா நானும் அவனைத்தான் சந்தேகப்பட்டேன். வேலைல இருந்த காலம் பூரா ரயில்ல டிக்கெட் கேட்டவன், ஒருத்தன் கழிப்பறைக்குப் போனாலே ஏன் போறான்னு யோசிச்சவன். ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா ஒருத்தர் புளுகுறார், யாருக்கு லாபமோ அவர்தான் புளுகுறார், இதுதான் என் கணக்கு. அண்ணன் வாராவாரம் வந்து எங்க வீட்டுக்கு வந்துடுங்கப்பாங்கிறான், அண்ணி முன்ரூமுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்னு நினைச்சுக்கிட்டு, யோசிக்கிறேன்னு சொல்லி அனுப்பிடுவேன்.

இதுக்கு நடுவுல சர்ச்ல புதுசா ஒரு உபதேசியார் வேதபாட வகுப்பு ஆரம்பிச்சார். சின்ன வயசு, தலைமுடியைப் படிய வாரியிருப்பார், கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடும், அப்படிப்பட்டவங்களை எனக்கு எப்பவுமே ஆகாது. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் தூக்குப் போட்டுக்கிட்டான்னு மத்தேயு எழுதறார், தலைகீழா விழுந்து வயிறு வெடிச்சுதுன்னு அப்போஸ்தலர் நடபடிகள்ல இருக்கு, எது சரின்னு கேட்டேன். ரெண்டும் சரி ஐயா, தூக்குப் போட்டான், கயிறு அறுந்துது, விழுந்தான்னார். கயிறு அறுந்ததை யார் பாத்தான்னு கேட்டேன். எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. டிக்கெட் இருந்துது சார், காத்துல பறந்துடுச்சுங்கிற பதிலை ஆயிரம் பேர்கிட்ட கேட்டவன் நான், அந்தக் கயித்தை இன்னிக்கு வரைக்கும் நான் ஒத்துக்கலை.

வீட்டுக்கு வந்து, இவரை மடக்கியே தீரணும்னு நாலு சுவிசேஷத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். பக்திக்காகப் படிக்கலை, குற்றவாளியைக் கூண்டுல ஏத்தின மாதிரிதான் படிச்சேன். அப்போ ஒண்ணு கண்ல பட்டுது. ஆண்டவரைப் பிடிச்சு அடிக்கும்போது, உன்னை அடிச்சவன் யாருன்னு ஞானதிருஷ்டியால சொல்லுன்னு கேலி பண்ணினதா மத்தேயு எழுதறார். எதிர்ல நின்னு அடிக்கிறவனை யாருன்னு சொல்ல ஞானதிருஷ்டி எதுக்கு. அந்தப் பக்கத்துல எங்கயும் அதுக்குப் பதில் இல்லை. லூக்கா எழுதின சுவிசேஷத்தைத் திருப்பினா, அவர் கண்ணைக் கட்டிட்டுத்தான் அடிச்சாங்கன்னு இருக்கு. மத்தேயு துணியைச் சொல்லாம விட்டுட்டார், ஆனா துணி இருந்தாத்தான் அவர் சொல்றதுக்கே அர்த்தம் வருது. கூடிப் பேசிவச்சு சொல்றவங்க இப்படி ஒரு ஓட்டையை விடமாட்டாங்க பாப்பா. ரயில்ல ஒரு குடும்பம் முழுக்க, மீசை அரும்பின பையனைக் காட்டி அஞ்சு வயசுன்னு ஒரே குரல்ல சொல்லும், அது புளுகு. நிஜமாப் பாத்தவங்க, நடந்ததுல ஆளுக்கு ஒரு துண்டைத்தான் வச்சிருப்பாங்க. நீ கேக்காத ஒரு துண்டு அண்ணன்கிட்ட இருக்குமோன்னு அன்னிக்குத்தான் தோணுச்சு.

போன வாரம் சர்க்கரை பாக்கப் போனப்போ அம்மா இருந்த வார்டுக்கும் ஏறிப் போனேன். அந்த உயரமான நர்ஸ் என்னை அடையாளம் கண்டுக்கிட்டாங்க. அன்னிக்கு என்ன நடந்துதுன்னு கேட்டேன். உங்க பொண்ணு டாக்டரைப் பாக்கப் போயிருந்தாங்க, பையன் மட்டும் கட்டில் பக்கத்துல குனிஞ்சு நின்னார், நான் டிரிப்ஸ் மாத்தப் போனேன், அம்மா பேசிக்கிட்டே உதட்டுமேல விரலை வச்சாங்க, என்னைத்தான் சத்தம் போடாதேங்கிறாங்கன்னு நினைச்சு வெளிய வந்துட்டேன்னாங்க. வயசானவர் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்களோன்னு முதல்ல சந்தேகம் வந்துது. ஆனா யோசிச்சுப் பாரு, அப்பாவைத் தனியா விடாதேங்கிறதை ஊரே கேக்கச் சொல்லலாம், அதுக்கு எதுக்கு விரல்.

ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்து, என் பின்கதவு கீச்சுனு கத்துதுன்னு கீலுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன், சும்மா உக்காரவே தெரியாது. நர்ஸ் சொன்னதைப் பத்தி நான் வாயே திறக்கலை. அம்மா உன்கிட்ட பேசும்போது கை என்ன பண்ணுச்சுன்னு மட்டும் கேட்டேன். அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழ வச்சுட்டு ரொம்ப நேரம் கையைத் துடைச்சான். உதட்டுல விரலை வச்சாங்கப்பான்னான். ஏண்டான்னேன். அம்மா பேச்சை அப்படியே திருப்பிச் சொன்னான். அப்பாவைத் தனியா விடாதே, தனியா இருந்தா நேரத்துக்குச் சாப்பிடமாட்டார், தங்கச்சிகிட்ட நான் வேற மாதிரி சொல்லியிருக்கேன், இதை அவகிட்ட மூச்சுவிடாதே, தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துடுவான்னு சொன்னாங்கன்னான். அப்புறம் ஏண்டா அத்தை முன்னாடி சொன்னேன்னு கேட்டேன். பாதி வாய் தவறி வந்துடுச்சுப்பா, மீதியைச் சொன்னா அவ போகமாட்டா, பொய்யன்னு சொல்லிட்டாவது போகட்டும்னு விட்டுட்டேன்னான். சொல்லிட்டு மறுபடியும் கதவுகிட்ட திரும்பிட்டான், கதவு அப்பவே கத்துறதை நிறுத்தியிருந்துது.

இதையும் நான் சும்மா விடலை, ராத்திரி படுத்துக்கிட்டு நாலு பக்கமும் புரட்டிப் பாத்தேன். புளுகினா லாபம் இருக்கணும். உன் வாயால அத்தனை பேச்சு வாங்கினதுல அவனுக்கு என்ன லாபம். நீ சொன்னதும் நிஜம், அவன் சொன்னதும் நிஜம். போகவேண்டியவளுக்குப் போறதுக்கு ஒரு வார்த்தை, இருக்கப்போறவனுக்கு இருக்கறதுக்கு ஒரு வார்த்தை, உங்கம்மா ஆள் பாத்துக் கொடுத்திருக்கா. சொல்லாதேன்னு அவ சொன்னதை நான் மீறித்தான் எழுதறேன், என்கிட்ட யாரும் விரலைக் காட்டலை. ஆனா நீ மூட்டை கட்டினேன்னு தெரிஞ்சா எனக்குக் கெட்ட கோபம் வரும். சனி, ஞாயிறு அண்ணன் வீட்டுப் புது மெத்தைல படுக்கறது, மத்த நாள் என் வீடுன்னு முடிவு பண்ணியிருக்கேன், அவ சொன்ன ரெண்டும் நடந்த மாதிரி இருக்கட்டும்.

இப்போ என் சந்தேகமெல்லாம் உங்கம்மா மேலதான். தண்ணி கூட தொண்டைல இறங்காம கிடந்தவ, அன்னிக்கு என்னைக் கூப்பிட்டு மாதுளம்பழ ஜூஸ் வேணும்னு சொன்னா. ஆஸ்பத்திரி வாசல் கடைல வேண்டாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைலதான் நல்லா இருக்கும், அவசரமில்லை மெதுவா போயிட்டு வாங்கன்னா. வாய்விட்டுக் கேட்டாளேன்னு சந்தோஷமா ஓடினேன். என்னை அனுப்பிட்டுத்தான் என்னைப் பத்திப் பேச முடியும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எத்தனையோ திருடன் முகத்தைப் பாத்துக் கண்டுபிடிச்ச எனக்கு, இவ முகத்துல ஒண்ணுமே தெரியலை.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஊர்க் குளிர்ல காதைக் கட்டிக்காம வெளிய போகாதே. அண்ணன் வேலை நேரத்துல லிஃப்ட் குழிக்குள்ள இருப்பான், கிடைக்கமாட்டான், மதியம் சாப்பாட்டு நேரத்துல கூப்பிடு, மறந்துடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கை செய்யற வேலையை ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நினைப்பாவே இருக்கற
அப்பா