இரண்டு தட்டு, பிறகு மூன்று

டிசம்பர் 23

என் அண்ணனை உள்ளே வைத்துச் சுரங்கத்தைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியது கம்பெனி. தலையாட்டியவர்கள் அதிகாரிகள்.

அந்தக் கதவைப் பற்றி நான் எழுதிப் பாடிய பாட்டு நேற்று ஜெயித்தது. தலைநகர் திரானாவில், முழு வாத்தியக் குழுவோடு, நாடே வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் டிசம்பர் விழாவில். மே மாதம் ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு எங்கள் நாட்டிலிருந்து இதுதான் போகிறது. நிருபர்கள் உடையைப் பற்றிக் கேட்டார்கள். யாரைக் காதலிக்கிறேன் என்று கேட்டார்கள். "கதவைத் திற" என்று நாலு நிமிஷம் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன். எந்தக் கதவு என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன்.

"பாத்தேன். தட்டு சரியா வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

டிசம்பர் 26

எங்கள் ஊர் குர்ஸி. எங்கும் பனி. சுரங்கக் கழிவு மேட்டில் அம்மா சுத்தியலோடு குரோமியக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். மகள் டிவியில் ஜெயித்துவிட்டாள் என்பதற்காகக் கல் தானாக வந்து பையில் விழாதே.

ஜூன் மாதம் சுரங்கம் இடிந்தபோது என் அண்ணன் எர்லிந்தும் அவனோடு வேலை செய்த கனியும் உள்ளே இருந்தார்கள். காற்றுக் குழாயில் காதை வைத்து அம்மா நின்றாள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று தட்டு. "உயிரோட இருக்கோம்" என்று சொல்ல எங்கள் சுரங்கத்துக்காரர்கள் தட்டுவது அப்படித்தான். மறுநாள் காலைவரை கேட்டது. நானும் கேட்டேன். பொறியாளர், "தண்ணி சொட்டுற சத்தம்" என்றார். தண்ணீருக்கு எண்ணத் தெரியுமா? ஒரு வாரத்தில் இரும்புக் கதவு போட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் உடலைச் சுற்றி உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அம்மா இன்னும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஷாதியே இன்றைக்கும் கேட்டாள்: "எத்தனை நாளைக்குடி மனசுல வெச்சிருப்பே? அழுது தீத்துடு."

"யாரை வெச்சு அழறது? கொண்டாந்து போடச் சொல்லு, அழறேன்."

பாட்டுக்கு இசை போட்ட பெஸ்மிர், அந்தத் தட்டைத்தான் தாளமாக வைத்தான். நிஜ இரும்புக் குழாய், நிஜச் சுத்தியல். அவனிடம் நான் கேட்ட ஒரே விஷயம் அது.

ஜனவரி 14

எல்லா வருஷமும் நடப்பதுதான். டிசம்பரில் எங்கள் மொழியில் ஜெயிக்கும் பாட்டை எடுத்து, போட்டி விதிக்காக மூன்று நிமிஷமாக வெட்டி, ஆங்கிலமாக்கி, பளபளப்பாக்கி அனுப்புவார்கள். "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டானுங்க" என்று காபிக் கடைகளில் வசந்தம் முழுக்கத் திட்டுவார்கள். அடுத்த வருஷமும் இதையேதான் செய்வார்கள்.

போட்டிக்குப் போகும் குழுவின் தலைவி வால்போனா புது வரிகளைக் கையில் கொடுத்தார். சுரங்கம் இல்லை. குழாய் இல்லை. "கதவைத் திற" இப்போது "உன் இதயத்தைத் திற."

"மேடம், இது வேற பாட்டு."

"கதவுன்னா யாருக்கும்மா புரியும்? இதயம் எல்லார்கிட்டயும் இருக்கு."

"கம்பெனிக்காரன்கிட்ட இருக்கா?"

"பாரு மிரேலா, அரசியல் பேசினா போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்க. விதி நான் போட்டதில்ல."

என் அண்ணன் எப்போது அரசியல் ஆனான்?

பிப்ரவரி 20

பகல் முழுக்க கால் சென்டரில் இத்தாலிக்காரர்களுக்கு மின் இணைப்பு விற்றேன். "உங்க குரல் இனிமையா இருக்கே" என்றார் ஒரு கிழவர். இணைப்பு வாங்கவில்லை.

மாலையில் புதுப் பதிவு வந்தது. தட்டும் போய்விட்டது. அந்த இடத்தில் டிரம், வயலின், ஓ ஓ என்று ஒரு கூட்டம். பெஸ்மிரைக் கண்டபடி திட்டினேன்.

"நீயுமாடா? குழாயை எங்க போட்ட?"

"பாத்துப் பேசு. நான் முடியாதுன்னு எழுந்து போனா வேற ஒருத்தன் வந்து உக்காருவான். அவனுக்கு உங்கண்ணன் பேரே தெரியாது."

போனை வைத்துவிட்டேன். கோழை. அவனா, நானா?

மார்ச் 11

இறுதி வரிகளில் கையெழுத்துப் போட்டேன். இதற்கு மேல் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. போடாமல் இருந்திருக்கலாம்தான். வேறொருத்தி போயிருப்பாள், அவளுக்கு நிஜமாகவே இதயத்தைப் பற்றி மட்டும் பாடத் தெரிந்திருக்கும். ஜூன் மாதம் குர்ஸிக்கு ஒரு கேமரா வரவில்லை. மே மாதம் ஒரு கண்டமே பார்க்கும். அந்த மேடையை விடமாட்டேன்.

மார்ச் 13

புதுப் பாட்டைக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "தட்டு எங்கடி?"

மே 6

போட்டி நகரம். முதல் ஒத்திகை. மேடையில் வாசிப்பவனின் டிரம் தோலில் சத்தம் வராமல் இருக்கப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கித்தாருக்கு ஒயரே கிடையாது. வாத்தியம் மொத்தமும் பதிவு, இவர்கள் கையை மட்டும் ஆட்டுகிறார்கள். இங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். உயிரோடு இருப்பது பாடுகிறவளின் மைக் ஒன்றுதான்.

பாதியில் ஒலிக்காரர் நிறுத்தினார். காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிக்கொண்டே வந்தார்.

"அம்மா தாயே, அந்த மோதிரத்தைக் கழட்டு! மைக்குல பட்டா ஹால் முழுக்க சுத்தியலால அடிக்கிற மாதிரி கேக்குது."

"சுத்தியல் மாதிரியா?"

"சுத்தியலேதான். காது போச்சு எனக்கு."

கழற்றினேன். மன்னிப்புக் கேட்டேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

மே 8

மோதிரத்தால் மைக்கில் தட்டப்போகிறேன் என்று பெஸ்மிரிடம் சொன்னேன். காட்டிக் கொடுப்பான் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான்.

"ரெண்டாவது பல்லவி முடிஞ்சதும் ஒரு இடம் காலியா வருமே, அங்க தட்டு."

"அங்கதான் புகை விடறாங்களே."

"புகைக்குச் சத்தம் கிடையாதே. அந்த இடத்தையும் டிரம் வெச்சு நிரப்பணும்னாங்க. விட மாட்டேன்னு சண்டை போட்டு காலியா வெச்சேன். எதுக்குன்னு யாரும் கேக்கல. நீயும்தான் கேக்கல. நீ கோழைன்னு திட்டிட்டுப் போனை வெச்சுட்ட."

"கோழைன்னு உங்கிட்ட சொல்லலையே."

"வெச்ச விதத்துலயே கேட்டுச்சு."

தண்டனை போடலாம். நீக்கலாம். போடட்டும். இறுதிச் சுற்றுக்குப் போய்த்தான் தட்டுவேன், அதற்கு முன் மோதிரத்தைத் தொடமாட்டேன்.

மே 13

அரையிறுதி தாண்டிவிட்டோம். இதயத்தைத் திற, இதயத்தைத் திற. நன்றாகப் பாடினேன். வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை வரட்டும்.

மே 16

தட்டினேன்.

புகை வந்தது, வாத்தியம் நின்றது. மோதிர விரலை மைக்கின் கழுத்தில் இறக்கினேன். இரண்டு. நிறுத்தினேன். மூன்று.  கூடியிருந்த பல ஆயிரம் பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? கை தட்டினார்கள். அதே தாளத்தில். சிரித்துக்கொண்டே. ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள்.

பத்தொன்பதாவது இடம். நடுவர்கள் கொடுத்தது சொற்பம். சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் பிழைக்கப்போன நம் ஆட்கள் போனில் போட்ட ஓட்டுதான் கொஞ்சம் தூக்கியது.

நிருபர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எர்லிந்த், கனி, குழாய், கதவு. ஒருவர் எழுதிக்கொண்டார். இன்னொருவர், அந்தத் தாளம் ரொம்பப் புதுமை என்று பாராட்டினார்.

வால்போனா தனியாகக் கூப்பிட்டார். "மோதிரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"விரல்லேர்ந்து."

"இனிமே உன்னை எந்த மேடைக்கும் கூப்பிட மாட்டாங்க. தெரியும்ல?"

"கூப்பிட்டாலும் என்கிட்ட வேற பாட்டு இல்ல மேடம்."



மே 19

ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமை நான் தட்டியதும், எங்கள் குடியிருப்பில் முதலில் அம்மா எழுந்து சமையலறைத் தண்ணீர்க் குழாயில் கரண்டியால் தட்டியிருக்கிறாள். மாடியிலிருந்து பதில் வந்ததாம். அப்புறம் எதிர்க் கட்டடம். அப்புறம் தெரு முழுக்க.

"பாட்டை யாருடி கேட்டா? மீதியை ஒருத்தரும் கேக்கல" என்றாள் ஷாதியே. திட்டுகிறாளா, மெச்சுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மே 23

காலையில் ஊரே சுரங்கத்துக்கு ஏறியது. கல் உடைக்கும் சுத்தியலை எல்லோரும் கையில் எடுத்து வந்திருந்தார்கள். கனியின் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். எழுதிக்கொண்ட அந்த ஒரு நிருபரும் வந்திருந்தார், இந்த மலைக்குப் பொருந்தாத செருப்போடு.

கம்பெனி ஜீப் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே அதே பொறியாளர். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்.

அம்மா முதலில் தட்டினாள். இரண்டு, மூன்று. பிறகு எல்லோரும். இரும்பு அதிர்ந்து உள்ளங்கால்வரை வந்தது. நிறுத்தியதும், எங்களை அறியாமலே காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றோம். பதினோரு மாதம் ஆகிவிட்டது, எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வைத்தோம்.

அம்மா ஜீப் பக்கம் போய்ச் சுத்தியலின் பின்பக்கத்தால் கண்ணாடியை மெதுவாகத் தட்டினாள். பொறியாளர் நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"இது தண்ணி சொட்டுற சத்தம் இல்ல ஐயா. எம் புள்ளைய வெளிய எடுத்துக் குடுங்க, நான் அழணும்."