கதவு கழற்ற வந்தவருக்கு

அண்ணை,

பக்கத்து வளவில் புது வீட்டு ஜன்னல்களுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். அந்த மணம் வந்தால் என்னால் உள்ளே இருக்க முடிவதில்லை. நீங்கள் எங்கோ கிட்ட நிற்பது போலவே இருக்கிறது.

என் வீட்டைக் கட்டித் தந்த கொந்தராத்துக்காரருக்கு நான் முழுப் பணமும் கொடுத்திருந்தேன். கதவும் ஜன்னலும் செய்த உங்களுக்கு அவர் கொடுக்கவில்லை. மாதக்கணக்காக அலைந்து சலித்து, போட்ட கதவுகளைக் கழற்றிக்கொண்டு போக ஒருநாள் வந்தீர்கள்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. மரத்தை நான் கடனுக்கு எடுத்தனான். மரக்காலைக்காரன் வீட்டை வந்து நிக்கிறான்."

நான் மறுக்கவில்லை. முன்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தீர்கள். வெளியே காடும், முந்திய கிழமை யானை முறித்துப் போட்டிருந்த வாழைகளும் தெரிந்தன. உள்ளே என் மகள் காய்ச்சலோடு பாயில் கிடந்தாள். கனநேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு கதவைத் தூக்கி, திரும்பவும் பிணைச்சலில் பூட்டினீர்கள்.

"உங்களோட எனக்கு ஒரு கணக்கும் இல்லை. நாளைக்கு விடிய அவரைப் போய்ப் பாக்கிறன்."

விடியப் போனீர்கள். ஒட்டுசுட்டான் வீதியில் யானை நின்றிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் முதலில் உங்கள் மோட்டார் சைக்கிளைத்தான் கண்டார்களாம்.

செத்தவீட்டுக்குக் கொந்தராத்துக்காரரும் வந்தார். உங்கள் மனைவியிடம் ஒரு கடித உறையை நீட்டி, "என்னால ஏலுமான உதவி" என்றார். உங்கள் மனைவி அதைத் தொடவில்லை.

"அவர் உங்களைப் பாக்கத்தான் வெளிக்கிட்டவர். உதவி எண்டு தராதேங்கோ. கூலி எண்டு சொல்லித் தாங்கோ."

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிலத்தைப் பார்த்தபடி, "கூலிதான்" என்றார்.

"முழுக்கவோ?"

"இல்லை. மிச்சம் கொண்டுவந்து தாறன்."

ஊருக்கு முன்னால் சொன்ன சொல் என்பதால் தந்து முடித்தார். மரக்கடனும் தீர்ந்தது. ஆனால் அன்று உங்கள் மனைவி அழாத அழுகை இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

இப்போது என் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அன்றன்றே கொடுத்துவிடுகிறேன். "இது உங்கட கூலி" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுக்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். சில வேளை கையில் காசு போதாமல் போகும். "பறவாயில்லை அக்கா, விடிய வந்து வாங்குறன்" என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை.

"நீங்கள் வராதேங்கோ" என்கிறேன். காசைத் தேடி எடுத்துக்கொண்டு நானே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.