உன் முறை வந்தபோது

இன்று காலை ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு லாரியிலிருந்து டீசல் ஒழுகி, மழைத்தண்ணீர் தேங்கிய குழியில் பரவியிருந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். என்னால் நகர முடியவில்லை. எண்ணெய் மிதக்கும் தண்ணீரின் வாடை எனக்கு ஒரே ஒரு காலையைத்தான் நினைவூட்டும். வாயெல்லாம் உப்பும் எண்ணெயுமாக, என் பக்கத்தில் நீ இருமிக்கொண்டிருந்த காலை அது.

மலைமேல் இருக்கும் உன் ஊர் நெல்லிவாசலுக்குப் போகும் ஜீப் ஆள் சேர்ந்த பிறகுதான் கிளம்புமாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். ஒரே போர்க்கப்பலில் இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு?

கப்பலில் உன்னை 'மலை' என்றுதான் கூப்பிட்டார்கள். ஊர் எது என்று யாராவது கேட்டால் நான் வேலூர் என்று சொல்லி முடித்துவிடுவேன். நீ விடமாட்டாய். எங்கே பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும், எவ்வளவு தூரம் மேலே நடக்க வேண்டும், எந்த ஓடையைத் தாண்ட வேண்டும் என்று வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவாய். கேட்டவன் பாதியிலேயே நழுவியிருப்பான். உன் சட்டைப்பையில் எப்போதும் வறுத்த புளியங்கொட்டை இருக்கும். பயிற்சிக் காலத்தில் நீச்சல் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் விடாமல் நின்றவன் நீ. இடுப்பளவு ஓடையைத் தவிர வேறு தண்ணீரில் நீ இறங்கியதே இல்லை.

போர் முடிந்து விடுப்பு கிடைத்ததும் உன் வீட்டுக்குத்தான் முதலில் ஏறினேன். உன் அம்மா வாசலில் சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி காசியம்மாவுக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் சேலையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அழவில்லை. "எம்புள்ள கடைசியா இன்னாப்பா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

"தூங்கினு இருந்தாம்மா. குண்டு வுழுந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

அந்தப் பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் மலையேறினேன். அம்மா ஒவ்வொரு முறையும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். அம்மா போய்ச் சேர்ந்தபோது பாடையின் ஒரு முனையை நான் தூக்கினேன்.

கடலில் போனவர்களுக்காகக் கட்டிய நினைவிடத்திலிருந்து வருஷா வருஷம் உன் வீட்டுக்கு அழைப்பு வரும். அதைப் படித்துச் சொல்ல காசியம்மா என்னிடம்தான் எடுத்து வருவாள். தூரம் ஜாஸ்தி, கூட்டம் தாங்காது, வெயில் என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுவேன். நான் மட்டும் போய் உன் பெயரைப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அன்று நம்மோடு தண்ணீரில் கிடந்தவர்கள். காசியம்மாவை அவர்கள் நடுவில் கொண்டுபோய் நிறுத்த எனக்குப் பயம்.

இந்த வருஷம் அவள் துணிப்பையோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "முட்டி வலி இன்னும் ஜாஸ்தியாச்சின்னா எங்கியும் போவ முடியாது. இந்த வாட்டி கூட்டினு போங்கண்ணா" என்றாள். மறுக்க என்னிடம் காரணம் மிச்சமில்லை.

காட்பாடியில் ரயில் ஏறியதிலிருந்து, யார் யார் வருவார்கள், யாரிடமிருந்து அவளை விலக்கி உட்கார வைப்பது என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவளோ ஜன்னலோரம் உட்கார்ந்து, கடல் எப்போது தெரியும் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நினைவிடம் கடற்கரைச் சாலையை ஒட்டியது. உயரமான தூண், அதைச் சுற்றிக் கருங்கல் சுவர், சுவரெல்லாம் பெயர்கள். எழுத்து இங்கிலீஷ். அவள் விரலைப் பிடித்து உன் பெயரின் மேல் வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இரண்டு முறை தடவினாள். பிறகு கடலைப் பார்த்து, "இந்தத் தண்ணியிலதானா?" என்றாள். இது இல்லை, நாட்டுக்கு மேற்குப் பக்கம் இருக்கும் கடல் என்றேன். "அப்போ இங்க எதுக்குக் கல்லு வெச்சாங்க?" என்றாள். அதற்குள் நம் கப்பல்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து வந்துவிட்டார்.

தூத்துக்குடிக்காரர். உனக்கு ஞாபகம் இருக்கும், நம்மைவிட நாலு வயது மூத்தவர். இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். இவள் யார் என்று என்னைக் கேட்டார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மலையோட தங்கச்சியாம்மா? மத்தியானம் வரைக்கும் எங்ககூடக் கயித்தப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தானே" என்றார்.

காசியம்மா என் பக்கம் திரும்பினாள். அதற்குள் வாத்தியம் முழங்கத் தொடங்கிவிட்டது. எல்லோரும் நிமிர்ந்து நின்றோம். மலர்வளையம் வைத்து, மௌனம் காத்து முடியும்வரை அவள் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"தூக்கத்திலியே பூட்டான்னு சொன்னியே" என்றாள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக என்னை 'நீங்க' என்று கூப்பிட்டவள்.

சுவருக்கும் கடலுக்கும் நடுவில் நின்று சொன்னேன். விடியும் நேரத்தில் கப்பல் அடிபட்டதையும், மிதவை ஒன்றுதான் கிடைத்தது என்பதையும் சொன்னேன். அதன்மேல் ஆறு பேர் படுக்கலாம். மற்றவர்கள் சுற்றிலும் இருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறுவது என்று ஏற்பாடு. தூத்துக்குடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார். உனக்குத் தோளில் அடி. வெயில் ஏறியபோது நான் மேலே இருந்தேன், நீ கீழே. நான் இறங்கினால் நீ ஏற வேண்டும்.

அரை மணி ஆனதும் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. தண்ணீருக்குள் இன்னொரு முறை இறங்க என் உடம்பு மறுத்துவிட்டது. தூங்குகிற மாதிரி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு கிடந்தேன். அதையும் அவளிடம் மறைக்கவில்லை. அவர் என்னை உலுக்கக் கை நீட்டியபோது நீ அவரிடம் சொன்னதை, அப்படியே, காசியம்மாவிடம் சொன்னேன்.

"தூங்கட்டும் வுடுங்கண்ணே. அவன் ஏந்திரிச்சதும் நான் ஏறிக்கிறேன்."

நான் கண்ணைத் திறந்தபோது நீ பிடித்திருந்த இடத்தில் கயிறு மட்டும் இருந்தது. நீ போனதை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் நம் படைக் கப்பல் ஒன்று வந்து எங்களைத் தூக்கிக்கொண்டது.

அவள் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டாள். அரை மணி நேரம் தேடினேன். அலை அடித்த இடமெல்லாம் பார்த்தேன். போலீஸ்காரரிடம் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சுவருக்குப் பின்பக்கம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். பக்கத்தில் போகவும் பயந்து நின்றேன்.

"எங்கம்மா சாவற வரைக்கும் அதியேதான் கேட்டுனு இருந்துச்சி" என்றாள். "அவன் சொன்ன பேச்ச நீயே வெச்சிக்கினியே."

நான் மறைத்தது என் தப்பை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உன் கடைசிப் பேச்சையும் சேர்த்து மறைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்குச் சேரவேண்டியது அது.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் வாங்கிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை. இதே பஸ் ஸ்டாண்டில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"நம்ப வூட்டுக்கு வந்து எல்லார் முன்னாலியும் சொல்லு. அவன் பேசுனத அவங்களும் கேக்கணும்."

வருகிறேன் என்றேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நீ முழிச்சினு இருந்தது அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவனுக்குத் தெரியாது என்று எடுத்துக்கொண்டாளோ, எனக்குத் தெரியாது என்று எடுத்துக்கொண்டாளோ, வண்டி போய்விட்டது.

இன்று மேலே போய் உன் மனிதர்கள் முன்னால் உட்காரப்போகிறேன். அவர்கள் ஏசலாம். எழுந்து போகச் சொல்லலாம். எனக்குப் பேரன் பேத்தி எடுக்கும் வரை ஆயுசு கிடைத்தது. அதில் ஒரு நாள் இதற்குப் போகட்டும். ஆனால் ஜீப்பில் கேட்டதையே காசியம்மா மறுபடியும் கேட்பாள். அவள் கேட்பதற்கு முன்னால் நான் உன்னைக் கேட்கிறேன். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தபோது, நீ என் முகத்தைப் பார்த்தாயா?