வயிற்றுப் படத்தில் வெள்ளையாக ஒன்று

இல்லை காக்கா, வாப்பாவை வெட்டவில்லை. லொறிக்கார ஸெய்னுதீனிடம் நீங்கள் கேட்டனுப்பிய கேள்விக்கு இதுதான் பதில். அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் பின்னுக்கு வந்ததைக் குறை பிடிக்க வேண்டாம். தந்தி அடித்தது மூத்த பிள்ளை உங்களுக்கு. வந்து நிற்பது கொழும்புக்கு வெங்காயம் ஏற்றுகிறவன். அந்தக் கோபத்தில் எனக்கு முறைப்படி எழுத வரவில்லை.

இந்த ஹொங்கொங் காய்ச்சல் கிண்ணியாவில் ஒரு வீட்டையும் விடவில்லை. பள்ளிவாசலில் ஓதுகிற சத்தத்தைவிட இருமுகிற சத்தம்தான் கூட. வாப்பாவுக்கும் வந்தது. காய்ச்சல் தணிகிற நேரம் பார்த்து அவருக்கு வயிறு ஊதத் தொடங்கியது. வெளிக்குப் போகவில்லை, தண்ணீர் குடித்தாலும் சத்தியாக வெளியே வந்தது. தோணியில் ஏற்றி அக்கரை ஆஸ்பத்திரியில் போட்டோம்.

அங்கே நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சரி. பிறகு வயிற்றையும் எடுக்கப் போனார்கள். இருமலுக்கு வயிற்றில் என்ன வேலை என்று படம் எடுக்கும் தம்பிராசாவிடம் கேட்டேன். எத்தனையாம் வகுப்புவரை படித்தனீர் என்று திருப்பிக் கேட்டார். எட்டோடு விட்டேன் என்றேன். "அப்ப பேசாமல் நில்லும்" என்றார். உடம்பில் இருக்கும் இரும்பு, வெள்ளி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். வாப்பா சேர்ட்டைக் கழற்றினார், வாரைக் கழற்றினார். சாரத்தை இளக்கச் சொன்னதற்கு மட்டும், "நான் மவுத்தாகினாப் பிறகு இளக்குங்க" என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் பின்னால் எட்டிப் பார்த்தேன். வயிறு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் காற்று. நடுவில், தொப்புளுக்குக் கீழே, வெள்ளையாக ஒரு சாமான். விரல் கணு அளவு, இரண்டு பக்கமும் நேராக வெட்டின மாதிரி. எதையோ விழுங்கியிருக்கிறார், குடல் அடைத்துவிட்டது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். வாப்பா படத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "தெரியா. விழுங்கித்தான் இருப்பன்" என்றார்.

காக்கா, ஒரு பிடி சோற்றில் மூன்று தரம் முள் தேடுகிற மனிசன் அவர். இரும்பை விழுங்கிவிட்டுத் தெரியாது என்றால் நான் நம்புவேனா? டொக்டர் வாலிபப் பிள்ளை, கை பழக ஆள் தேடுகிறாரோ என்று நினைத்தேன். தம்பிராசா படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்றும் நினைத்தேன். கடைசியில் என் சந்தேகம் அலியார் சாச்சாவில் போய் நின்றது. வாப்பாவோடு பங்கில் வள்ளம் வைத்திருக்கிறவர். வாப்பா வெளியில் கடைசியாகச் சாப்பிட்டது அவர் வீட்டில்தான். வெட்டுவதற்குச் சம்மதக் கையெழுத்து கேட்டார்கள். உம்மா விடவில்லை, மூத்தவன் வந்து வைக்கட்டும் என்றா. அதுக்குத்தான் தந்தி. அடுத்த நாள் பகல்வரைதான் பொறுக்கலாம் என்றார் டொக்டர்.

நான் அலியார் சாச்சாவிடம் போய் வலையோடு சேர்த்துச் சேர்ட்டைப் பிடித்தேன். சோற்றில் என்ன போட்டீங்க என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. படத்தில் என்ன கண்டாய் என்றார். விரலால் அளவு காட்டினேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகி மூச்சு முட்டியது. "அது வயித்துக்குள்ள இல்லடா மடையா, வயித்துக்கு மேல கிடக்கு" என்றார். மூதூர் லெவ்வையிடம் தாயத்துக்கு இசிம் எழுதி, வெள்ளிக் கூட்டில் அடைத்து, அரையில் கட்ட வாப்பாவைக் கூட்டிப் போனதே தான்தானாம்.

வாப்பாவா? உம்மா என் கையில் கட்டிய இசிம் கூட்டைப் பல்லால் கடித்து அறுத்தவர். அரையில் கட்டுகிற நூலை நம்புகிறவன் தொழ வரத் தேவையில்லை என்று பள்ளியில் எழும்பி நின்று சொன்னவர். அலியார் சாச்சா பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எதற்குக் கட்டினார் என்று கேட்டேன். "பெரியவன் திரும்பி வரோணுமெண்டு. வேற என்னத்துக்கு?" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உம்மா சுடுதண்ணி எடுக்கப் போயிருந்தா. வாப்பாவிடம் கேட்டேன், இல்லை என்றார். அரையைத் தடவினேன், கயிற்றுத் தழும்புதான் இருந்தது. தலையணை உறைக்குள் கையை விட்டேன், கூடு அங்கே கிடந்தது. படத்தில் கண்டதும் கழற்றி ஒளித்திருக்கிறார். வயிற்றைக் கிழித்தாலும் பரவாயில்லை, ஊருக்குத் தெரியக்கூடாது. என் கையை இறுக்கிப் பிடித்து, "டொக்டருக்குக் காட்டினா நீயும் எனக்குப் பிள்ளை இல்ல" என்றார். "ரெண்டு பேரும் இல்லாமப் போறம், நீங்க உசிரோட இருங்க" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனேன்.

டொக்டர் கூட்டைப் படத்தின்மேல் வைத்து அளந்தார். திரும்ப ஒரு படம் எடுத்தார்கள். காற்று மட்டும் இருந்தது, வெள்ளை இல்லை. இந்தக் காய்ச்சல் நெஞ்சோடு நிற்காதாம், சிலருக்குக் குடலையும் சோர வைக்குமாம். வேறு காய்ச்சல்காரர் படங்களிலும் இதே காற்றைக் கண்டாராம், அவர்களுக்குத் தானாக வடிந்ததாம். அந்த வெள்ளைதான் தன்னைக் கத்தி எடுக்க வைத்தது என்றார். அவரை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனால் மூக்கில் குழாய் போட்ட பிறகு வயிறு தணிகிறது. இன்று காலை வாப்பா கஞ்சி கேட்டார்.

என்னோடு பேசுவதில்லை. கை மட்டும் நீட்டினார். கூட்டைக் கொடுத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு தானே அரையில் கட்டினார். உம்மாவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

முதலாளி விடவில்லை என்று ஸெய்னுதீனிடம் சொன்னீர்களாம். அதையும் நான் நம்பவில்லை. படியை மிதிக்கக்கூடாது என்று அவர் சொன்னதைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சொன்ன வாயை மட்டும் பார்க்காதீர்கள் காக்கா, அரையையும் பாருங்கள். இந்த லொறி வெங்காயத்தை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். முன்சீட்டில் ஒரு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு...

ஸெய்னுதீன் ஹோன் அடிக்கிறான். நான் போக வேணும்.

மஹ்ரூப்