அப்பா உரம் போட்ட மரம்

மேல் டிவிசன்,
மஸ்கெலியா.

அன்பு மகள் லோஜினிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் துணையில் நான் நல்ல சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலியும் மனவருத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. மலேசியாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் மூன்று பேரும் கத்துகிறோம், அதனால்தான் பக்கத்து லயத்து வீட்டு ஜீவராஜ் அங்கே வேலைக்குத் திரும்பிப் போகும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே தேயிலைத்தூளும் நான் இடித்த மிளகாய்த்தூளும் இருக்கிறது.

நீ ஆராய்ச்சிக்காக அடையாள நாடா கட்டிவிட்டுப் போன மேல்காட்டு மரங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். "நம்ம காட்டு மண்ணுல பொஸ்பரஸ் ரொம்பக் கொறைவுப்பா" என்று நீதானே சொன்னாய்? காலமெல்லாம் தேயிலைக்கு உரம் போட்ட மனிதர் காதில் குறைவு என்று விழுந்தால் சும்மா இருப்பாரா? மகளுடைய மரத்துக்குக் குறைவாமே என்று, மரக்கறிப் பாத்திக்கு வைத்திருந்த உரத்தைத் தூக்கிக்கொண்டு விடியவே ஏறிவிட்டார். இறங்கி வந்து அதை உன்னிடம் போனில் எவ்வளவு பெருமையாகச் சொன்னார்! "என் காட்டையே கெடுத்துட்டீங்களே" என்று நீ போட்ட சத்தத்தில் அவர் முகம் செத்துப்போனது.

பிறகு நீ அழுதுகொண்டே என்னிடம் விளக்கியதை நான் எனக்குத் தெரிந்த மட்டும் அவருக்குச் சொன்னேன். அந்தக் குறைவில்தான் காடு நன்றாக இருக்கிறதாம், உதிர்ந்த இலையில் இருப்பதை வேரும் பூஞ்சையும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிப் பிழைக்கிறதாம், நாம் அள்ளிப் போட்டால் அந்த உறவு விட்டுப்போய்க் களைதான் கொழுக்குமாம். கேட்டுவிட்டு, சாக்கையும் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனார்.

இனி நீ பயப்படாதே மகள். ஓடைக்கரையில் இருக்கிற ஒரே ஒரு மரத்துக்குத்தான் உரம் போட்டிருக்கிறார், அட்டைக்கடி தாங்காமல் அதோடு இறங்கிவிட்டாராம். இப்போது மழை விழுமுன் அந்த உரத்தையும் மண்ணோடு வழித்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டார், கால் முழுக்க ரத்தம். அந்த மரத்தை உன் ஆராய்ச்சியில் சேர்க்காதே, மற்றதெல்லாம் நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. "காலப் பத்திப் புள்ளகிட்ட சொல்லாத, அவ படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இன்னும் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறார், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நீ நினைத்தது நடக்கும், அம்மன் கூடவே இருப்பாள். இது கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை ஆசையாகப் பேசு. அங்கே என்னம்மா குறை என்று வழக்கம்போல் கேட்பார். ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடு. மறந்துபோய் எதையாவது குறைவு என்றால், உர மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலேசியாவுக்கே வந்துவிடுவார்.

உன் அம்மா,
சண்முகவடிவு