ரெண்டு கேபிள்

ஜூன் 9
காலையிலிருந்து கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரே வரி: ஹார்ட் டிஸ்க் இல்லையாம். என் நாவல் முழுக்க அதற்குள். நகல் எடுத்து வைக்கவில்லை, புத்தி கெட்டவள். இருபதாம் தேதிக்குள் பதிப்பகத்துக்குப் போக வேண்டும்.

ஜூன் 10
இன்ஸ்டலேஷன் டிஸ்க்கில் ரிப்பேர் வசதி உண்டே என்று போட்டேன். தட்டு திறக்கிறது, மூடுகிறது, விளக்கும் எரிகிறது. அப்புறம் அதே கறுப்பு. மாடிவீட்டுக் கம்ப்யூட்டரில் அதே டிஸ்க் உடனே ஓடுகிறது!
அக்கா கம்ப்யூட்டர் ஆபீஸில் நாலு வருஷம் இருந்தவள். புருஷனை விட்டு வந்ததிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். "கொஞ்சம் பாரேன்" என்றேன்.
"கல்யாணத்தோட எல்லாம் மறந்து போச்சுடி."

ஜூன் 11
மெக்கானிக்தான். போன வாரம் தூசி தட்ட வந்தவர். நான் டீ போட்ட பத்து நிமிஷத்தில் நல்ல ஹார்ட் டிஸ்க்கை உருவிவிட்டு ஓட்டை டிஸ்க்கை மாட்டிவிட்டாரா? அப்புறமும் ஆறு நாள் ஓடியதே — அதுவும் ஒரு வித்தையாக இருக்கலாம்.
"இந்தக் காலத்துல யாரை நம்பறது" என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 12
போனில் அவரைக் கண்டபடி பேசிவிட்டேன்.

ஜூன் 13
வந்தார். பெட்டியைக் கழற்றி என்னைக் கூப்பிட்டார்.
"பாருங்கம்மா. ஹார்ட் டிஸ்க் கேபிள் ஒண்ணு, டிஸ்க் போடற டிரைவோடது ஒண்ணு. ரெண்டையும் கழட்டியிருக்கு. கரண்ட் மட்டும் வருது, அதான் விளக்கு எரியுது."
"தானா கழன்றிருக்காதா?"
"ஒண்ணுன்னா சரி. ரெண்டுமா? இது வேலை தெரிஞ்ச கை."
மாட்டினார். திறந்தது. நாவல் பத்திரம். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றார், பரவாயில்லாத குரலில்.
சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

ஜூன் 14
அக்காவிடம் கேட்டேவிட்டேன். அவள் மறைக்கவில்லை.
"படிச்சேன். பேரை மட்டும்தான் மாத்தியிருக்கே. அவன் வீட்ல நான் பட்டதெல்லாம் அப்படியே இருக்கு. ஊரே படிக்கணுமா?"
"அப்போ அழிச்சிருக்கலாமே?"
"மனசு வரலைடி. நல்லா எழுதியிருக்கே. இருபதாம் தேதி தாண்டினா போதும்னு நெனச்சேன்."
அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியவள் நான். எந்த முகத்தோடு கோபப்படுவது?

ஜூன் 20
அனுப்பவில்லை. அச்செடுத்து அவளிடமே கொடுத்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் பேனாவால் ஒரு சொல்லை அடித்தாள்.
"கன்னத்துல இல்லடி. காதுல அடிச்சான். இடது காது இன்னும் சரியா கேக்கறதில்ல."
எனக்கு இது தெரியாது. எழுந்து போய் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.