கம்ப்யூட்டருக்குள்ள இருந்த படம்

ஐயம்பேட்டை,
வெள்ளிக்கெழம, ஜும்ஆவுக்குப் பின்னாடி

எங்க இருந்தாலும் நோய்நொடி அண்டாம இருக்கவேண்டிய மவன் ஃபாஜிலுக்கு, உன் சாச்சி சைத்தூன் பீவி அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுறது. நானும் உன் அத்தாவும் தங்கச்சி அஃப்ரீனும் அல்லாஹ்வோட கிருபையில சுகம், நீயும் சுகமா இருக்கணும்னு அஞ்சு வக்துத் தொழுகையிலயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சுகம்னு எழுதுறது வழக்கம், அதான் எழுதுறேன், மனசு சுகமா இல்ல, அத கடைசியில சொல்றேன். ஆத்துல இந்த வருசமும் தண்ணி வரல, குறுவை போச்சு, நம்ம நெலத்தப் பாக்குற நீலமேகம் வந்து சம்பாவுக்காவது நாத்தங்கால் விடலாமா வேணாமாம்மான்னு கேட்டுட்டு நிக்கிறாரு, நான் என்னத்தச் சொல்ல. அத்தாவுக்கு வாதத்துல விழுந்துபோன கை அப்புடியேதான் இருக்கு, கால் மட்டும் கொஞ்சம் அசையுது, பேச்சு கொழறுது ஆனா எனக்குப் புரியும். ரெண்டு பேர் புடிச்சா கட்டில்ல உக்காருறாரு. டாக்டரு உப்பக் கொறைக்கச் சொன்னா என்னையவே மொறைக்கிறாரு.

நீ அனுப்புன கம்ப்யூட்டர் கதைய இப்ப சொல்றேன், ஒண்ணு விடாமக் கேளு. துபாயில வாங்கி நம்ம கூட்டாளி மீரா சாகிப் கையில குடுத்துவிட்டிருக்கேன், கேமரா மாட்டுனா அத்தா உன்னப் பாத்துப் பேசலாம்னு போன்ல சொன்னியா, எனக்குக் காலு தரையில பாவல. மீரா சாகிப் வேன்ல கொண்டாந்து எறக்குனப்ப தெருவே வந்துருச்சு, வெளிநாட்டுச் சாமான் வந்தா வந்து தொட்டுப் பாக்குறது நம்மூரு வழக்கம்தானே. பள்ளிவாசல் அசரத்தக் கூப்புட்டு துஆ ஓதி, எல்லாருக்கும் பூந்தி குடுத்து, அதுக்கப்புறந்தான் சுச்சியப் போடவிட்டேன். சுத்தியிருந்த பிளாஸ்டிக் உறையப் பிரிக்கக்கூடாதுன்னு அஃப்ரீன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன். நீ மொத லீவுக்குக் கொண்டாந்த டிவி ரிமோட்டே இன்னும் உறையோடதானே இருக்கு. பிரிச்சுட்டா எல்லா வீட்டுச் சாமானாட்டம் ஆயிருமே, என் மவன் அனுப்புனதுன்னு வர்றவங்களுக்கு எப்புடித் தெரியும். உறைக்கு மேல தூசி படாம இருக்கட்டும்னு லேஸ் வச்ச துணி ஒண்ணும் தச்சு மூடி வச்சேன்.

அது என்னடான்னா, போட்ட கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சு போவுது. பாதிப் பேச்சுல தூங்கிப்போற ஆளு மாதிரி டப்புன்னு கண்ண மூடிக்கிது. எலெக்ட்ரீசியன் செல்லதுரை வந்து, மோட்டார் ஓடுற நேரம்மா, வோல்டேஜ் இல்ல, ஒரு யூபிஎஸ் வாங்குங்கன்னாரு. தஞ்சாவூர்ல போயி அதையும் வாங்கியாச்சு, அது கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுகீச்சுன்னு கத்துதே தவிர கம்ப்யூட்டர் நின்னுபோறது நின்னபாடில்ல. போன்ல உன்கிட்ட கேட்டா ஒயர அழுத்திச் சொருகுங்கங்குற. கடைசியில அஃப்ரீன் பாபநாசத்துல படிக்கிறாள்ல, அந்த கம்ப்யூட்டர் சென்டர் டீச்சரம்மா அபிநயாவ வரச்சொன்னோம். வண்டிய நிறுத்திட்டு உள்ள வந்த பொண்ணு, பெட்டியத் தொட்டுட்டு கைய உதறுது. ஏம்மா, இட்லி வேகவச்ச மாதிரி மூடி வச்சிருக்கீங்க, இதுக்கு மூச்சுவிட வழி வேணாமான்னு சிரிக்கிது. வெளிநாட்டுச் சாமான் பழசாயிரும்ல டீச்சர்னேன். அதுக்கு அவ, வேலை செய்யணுமா புதுசா இருக்கணுமா, ஒண்ண சொல்லுங்கம்மாங்குறா. மனசே இல்லாமத்தான் பிரிக்கச் சொன்னேன். பிரிச்சதுலேருந்து ஒரு தடவகூட அணையல. அப்புறம் கேமராவ மாட்டுனா ஒரே இருட்டு. இங்க சொருகி அங்க சொருகிப் பாத்துட்டு, பாத்தா அதோட கண்ணு மேலயும் ஒரு தாள் ஒட்டியிருக்கு, அதையும் நான்தான் பிரிக்கவிடல. இவ்வளவும் சிரிப்பாத்தான் இருந்துச்சு ஃபாஜிலு.

படம் புடிச்சா உள்ள பதியுதான்னு பாக்க அபிநயா என்னத்தையோ தொறந்தா. உள்ள முன்னாடியே ஒரு படம் இருக்கும்மா, கடையில அவங்க கேமராவ மாட்டிப் போட்டுப் பாத்திருப்பாங்கன்னா. பாத்தா நீ. அந்த நீலச் சட்டைய போட்டுக்கிட்டு, கேமராவ உத்துப் பாத்துக்கிட்டு. நாலு வருசம் கழிச்சு எம்மவன் மொகம். நான் சுபுஹானல்லாஹ்ன்னு சொல்லி அத்தாவத் தூக்கி உக்காரவச்சேன், தெருவுலேருந்து ரெண்டு பேரக்கூட கூப்புட்டுட்டேன், வந்து பாருங்க எம்மவன் துபாயில கடையில நிக்கிறான்னு. அஃப்ரீன்தான், உம்மா, பக்கத்துல நிக்கிறது ஷமீரா மச்சிதானேன்னு ஆரம்பிச்சவ, அப்புடியே வாய மூடிக்கிட்டா. உன் பொண்டாட்டிதான். மெட்ராசுல தாய் வீட்டுல இருக்குறவ, பாஸ்போர்ட்டே எடுக்காதவ, உன் தோள உரசிக்கிட்டு நிக்கிறா, கையில கிளாசுல டீ. உங்க தலைக்கு மேல பலகையில தமிழ்ல எழுதியிருக்கு, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு. வந்தவங்களும் படிச்சாங்க. அடுப்புல வேல கெடக்குன்னு கெளம்பிட்டாங்க. வாய்விட்டுக் கேட்டிருந்தாக்கூடத் தேவல.

அத்தாவுக்குக் கண்ணு தெளிவில்லையே, உன்ன மட்டும் கண்டுபுடிச்சு, மெலிஞ்சுட்டானேன்னாரு. பக்கத்துல யாருன்னாரு. கடையில வேல பாக்குற பொண்ணுன்னு சொல்லிட்டேன். எங்க லாத்தா, என் கூடப்பொறந்த அக்கா, உன்னப் பெத்தவ, மவுத்தாகி, இந்தப் புள்ளைய யாரு பாக்குறதுன்னு அவ எடத்துலயே என்னையக் கட்டிவச்சு இந்த வீட்டுக்குள்ள வந்த நாளுலேருந்து அந்த மனுசன்கிட்ட நான் பொய் சொன்னதில்ல. அன்னைக்குச் சொல்லவச்சுட்ட.

மீரா சாகிப்பக் கூப்புட்டுக் கேட்டேன். தலையக் கவுத்துக்கிட்டு, நான் என்ன சாச்சி பண்றது, மெட்ராசுல கையில குடுத்து துபாயின்னு சொல்லுன்னான், சொன்னேங்குறான். ஷமீராவோட உம்மாவுக்குப் போனப் போட்டேன். அவங்க பாவம், ஒளிக்கத் தெரியாம, மச்சினிச்சி கல்யாணத்துக்கு மாப்புள வந்துட்டுத்தானே போனாரு, அங்க வரலியா, அத்தாவப் படுக்கையில பாக்குற தைரியம் இல்ல மாமின்னு எங்கிட்ட சொன்னாருங்குறாங்க. தைரியமா. தெனம் அவரத் தொடச்சு, பொரட்டிப் போட்டு, வாயத் தொறக்கவச்சு கஞ்சி ஊட்டுறேனே, எனக்கு எந்தக் கடையில தைரியம் குடுத்தாங்க. பந்தியில நின்னு கல்யாண வேல பாத்தவனுக்கு, மெட்ராசுலேருந்து ஒரு ராத்திரி பஸ்ஸு ஏறி வந்து, அத்தா கால்மாட்டுல ஒரு நாழி உக்காந்துட்டுப் போக முடியல. ஷமீரா மேல எனக்குக் கோவமில்ல, சின்னப் பொண்ணு, நீ சொன்னபடி கேட்டிருப்பா. பெத்தவ இருந்திருந்தா வராம இருந்திருப்பியான்னு மனசு கேக்குது. கேக்காதன்னு அடக்குறேன், அடங்க மாட்டேங்குது.

அதையும் நான் பொறுத்துக்குவேன், வேற ஒண்ணத்தான் பொறுக்க முடியல. போன் போட்டப்பல்லாம் என்ன சொன்ன நீ. அரபி மொதலாளி பாஸ்போர்ட்டப் பூட்டி வச்சுக்கிட்டான், கெஞ்சுனாலும் லீவு தரமாட்டேங்குறான்னு சொன்ன. நான் நம்புனேன். ஒவ்வொரு தொழுகைக்கும் பின்னாடி கையேந்தி, யா அல்லாஹ், படுக்கையில கெடக்குற தகப்பன்கிட்டேருந்து புள்ளையப் பிரிச்சு வச்சிருக்கானே, அவன் யாவாரம் வெளங்காமப் போகட்டும், அவன் புள்ளை அவன் மொகத்தப் பாக்காமப் போகட்டும்னு கேட்டேன். அழுது கேட்டேன். அந்த மனுசன் லீவும் குடுத்து, வழியனுப்பியும் வச்சிருக்காரு. ஒரு பாவமும் அறியாத ஆளு மேல இவ்வளவும் கேட்டுட்டு நிக்கிறேன். அல்லாஹ்வுக்குச் செஞ்ச தப்ப அல்லாஹ் மன்னிப்பான், மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்தான் மன்னிக்கணும்னு அசரத்து சொல்றாரு. நான் எங்க போயி அவரத் தேடுவேன். அவரு வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா, யாவாரம் நல்லா நடக்குதா. நான் நிறுத்திட்டேன், அத்தா நிறுத்தல. கொழறுற நாக்க வச்சுக்கிட்டு இன்னைக்கும் ஜும்ஆ நேரத்துல அதையேதான் கேட்டாரு. அவர நிறுத்தணும்னா உண்மையச் சொல்லணும், சொன்னா தாங்குவாரான்னு தெரியல. சொல்லாம இருந்தா ஒவ்வொரு வக்துக்கும் அந்தப் பாவம் ஏறுது. பெத்த தகப்பன் வாயால இப்புடி ஒண்ண கேக்க வச்சிருக்கியே ஃபாஜிலு.

கோவத்துல உன்ன ஒண்ணும் சொல்லல, சொல்லவும் மாட்டேன், என் துஆ என்னைக்கும் உம்மேல இருக்கும், அல்லாஹ் உனக்கு நல்ல பொழப்பும் நேரான நாக்கும் குடுக்கணும். வெயில்ல திரியாத, வெளியில சாப்புடறதக் கொறைச்சுக்க. ஞாபகமா ஒண்ணு செய்யி. உன் மொதலாளிகிட்ட போயி, உங்க பேரச் சொல்லி வீட்டுல பொய் சொன்னேன், அத நம்பி எங்க சாச்சி உங்களுக்குக் கெடுதல் கேட்டுட்டா, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு. வெக்கமா இருந்தாலும் சொல்லு. அவரு மன்னிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும், ஆனா போன்ல சொல்லாத, அந்த கேமரா முன்னாடி உக்காந்தும் சொல்லாத, நீ தூரத்துலேருந்து சொல்றத இனிமே என்னால நம்ப முடியாது. லீவு கேளு, அவரு குடுப்பாரு, வந்து அத்தா பக்கத்துல உக்காந்து சொல்லு.

உன்ன வளத்த சாச்சி,
சைத்தூன் பீவி